சுழலும் ரப்பர் அச்சில் வெள்ளை உலோக நகை

நகைத் தொழிலில் வெள்ளை உலோகம் என்பது ஒற்றை உலோகம் அன்று. வெள்ளீயம், காரீயம், ஆன்டிமனி, பிஸ்மத், செம்பு ஆகியவற்றைப் பல விகிதங்களில் கலந்து செய்யும், வெள்ளி நிறம் கொண்ட கலவைகளுக்கெல்லாம் அது பொதுப்பெயர். குறைந்த வெப்பத்தில் உருகுவது இவற்றின் பொதுக்குணம். வெள்ளி உருக 962 பாகை செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085 பாகை வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 பாகை போதும். தமிழ்நாட்டு வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இந்த வெள்ளீயத்தால் ஆனதுதான். நீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் அது உருகி வழிந்துவிடும். சமையலில் அச்சமூட்டும் இந்தக் குணம்தான் நகை வார்ப்பில் பெரும் வசதி. உருகிய உலோகத்தை ரப்பர் அச்சிலேயே நேரடியாக ஊற்றலாம், ரப்பர் உடனே கருகாது.

ரப்பர் அச்சின் சிறப்பு அதன் நெகிழ்வில் இருக்கிறது. உருக்கு அச்சில் வார்த்த பொருளின் பக்கவாட்டில் ஒரு குழிவோ கொக்கியோ இருந்தால் அது அச்சைவிட்டு வெளியே வராது. ரப்பரோ வளைந்து கொடுத்துப் பொருளை விடுவித்து, மீண்டும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். இலை நரம்பு, பூவிதழின் மடிப்பு, கல் பதிக்கும் கூட்டின் சின்னஞ்சிறு கால்கள் வரை ஒரே வார்ப்பில் கிடைக்கும். அச்சு வட்டமாக இருக்கும். இரு பாதிகளைக் கொண்டிருக்கும். சுழலும்போது நடுவில் ஊற்றிய உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்து குழிகளை நிரப்பும். தோடு, புரோச், பதக்கம், பொத்தான் ஆகியவை டஜன் கணக்கில் இப்படி ஒரே சுற்றில் பிறக்கின்றன.

கனடாவின் மொன்றியல் நகரில் இந்தத் தொழிலுக்குத் தேவையான இரண்டு மரபுகளும், நகையும் ரப்பரும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தன. ரப்பர்க் காலணிகளுக்குப் பெயர்பெற்ற கனடியன் ரப்பர் கம்பெனியின் தொடக்கம் 1854. ஹென்றி பர்க்ஸ் தன் நகைக்கடையை அங்கே திறந்தது 1879இல். அக்கடை 1894இல் ஃபிலிப்ஸ் சதுக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதைச் சுற்றிய தெருக்களின் மாடிக் கட்டடங்களில் நகைப் பட்டறைகள் பெருகின. விலையுயர்ந்த உலோகம் இல்லாத அலங்கார நகைக்கு மொன்றியலில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் குஸ்டாவ் ஷெர்மன். 1947இல் தொடங்கி 1981இல் மூடப்பட்ட அவருடைய நிறுவனத்தின் நகைகளை, அவற்றின் பளிங்குக் கற்களுக்காகவே இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இப்போதைய கலைஞர்களில் ஆன்-மரி ஷாக்னோன் வெள்ளீயக் கலவையான ப்யூட்டரைத் தன் நகைகளின் முதன்மைப் பொருளாகக் கொண்டிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் அலங்கார நகை வார்ப்பின் பெரிய மையமாக இருந்தது எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பிராவிடன்ஸ். சுழல் வார்ப்பு எந்திரங்களும் ரப்பர் வட்டுகளும் அந்தப் பகுதியில் தொழிலாக வளர்ந்தன. இதற்கு உறவான ஒரு முறையில் கனடாவுக்கும் பங்கு உண்டு. கனடாவில் வாழ்ந்த டேனியரான யுங்கர்சன் என்பவர், ரப்பர் அச்சில் மெழுகு மாதிரி எடுத்து, அதைக் கொண்டு மையவிலக்கு விசையால் தங்கம், வெள்ளி வார்க்கும் முறைக்கு 1938இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிராவிடன்ஸ் மோதிர நிறுவனமான ஆஸ்ட்பி அண்ட் பார்ட்டனுடனான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி காலத்திலிருந்தே தெரிந்தவற்றின் சேர்க்கைதான் இது என்று கூறி, 1949இல் அந்தக் காப்புரிமையை நீதிமன்றம் செல்லாததாக்கியது. வெள்ளை உலோக வார்ப்பில் மெழுகுக் கட்டமே கிடையாது. உலோகம் ரப்பரிலேயே விழுகிறது. எளிமைக்கும் விலைக்குறைவுக்கும் அதுவே காரணம்.

பட்டறை தொடங்குபவரின் கண் முதலில் எந்திரத்தின் மீதுதான் விழும். நகையின் தரத்தைத் தீர்மானிப்பவையோ தீரத் தீர வாங்க வேண்டிய இரண்டு பொருள்கள்: உலோகமும் ரப்பரும். பழைய எந்திரத்தில் நல்ல நகை வார்க்கலாம். மோசமான உலோகத்தில் எந்த எந்திரமும் நல்ல நகை வார்க்காது.

நகைக்கு உகந்த ப்யூட்டரில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளீயமும், ஏழரைப் பங்கு ஆன்டிமனியும், மிச்சம் செம்பும் இருக்கும். தனி வெள்ளீயம் மிகவும் மென்மையானது. ஆன்டிமனி அதற்குக் கடினம் தருகிறது, செம்பும் அதற்குத் துணைநிற்கிறது. குளிர்நாட்டில் ஆன்டிமனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 13 பாகைக்குக் கீழே தூய வெள்ளீயத்தின் படிக அமைப்பு மாறத் தொடங்கும். பளபளப்பான உலோகம் பருத்து, சாம்பல் நிறப் பொடியாக உதிரும். கனஅளவு நூற்றுக்கு 27 பங்கு கூடுவதால் வரும் சிதைவு இது. ஜனவரியில் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்கு ஏறக்குறையப் பத்துப் பாகை கீழே இருக்கும் மொன்றியலில், சூடில்லாத கிடங்கில் தூய வெள்ளீயக் கட்டிகளை அடுக்கிவைப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஆன்டிமனியோ பிஸ்மத்தோ சேர்ந்த கலவையில் இந்த மாற்றம் நடைமுறையில் தலைகாட்டுவதில்லை.

காரீயம் சேர்ந்த கலவைகள் மலிவானவை, நன்றாக ஓடக்கூடியவை. வெள்ளீயம் 62 பங்கும் காரீயம் 38 பங்கும் சேர்ந்தால் 183 பாகையிலேயே உருகும். அலங்கார நகை பல பத்தாண்டுகள் இக்கலவைகளை நம்பியே நடந்தது. ஆனால் காரீயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளின் வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு திரும்பச் சரியாவதில்லை. குழந்தை பதக்கத்தை வாயில் வைத்துச் சப்பும், சில வேளை விழுங்கும். 2006இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கைச்சங்கிலியில் தொங்கிய ஏறக்குறைய முழுக் காரீயப் பதக்கம் ஒன்றை விழுங்கிய நான்கு வயதுக் குழந்தை இறந்தது. கனடா அதற்கு முந்திய ஆண்டிலேயே குழந்தை நகைக்குத் தனி விதி இயற்றியிருந்தது. அப்போது ஒரு கிலோவுக்கு 600 மில்லிகிராம் என்றிருந்த காரீய வரம்பு 2018இல் 90 மில்லிகிராமாகச் சுருக்கப்பட்டது. விழுங்கக்கூடிய சிறு பாகங்களில் காட்மியத்துக்கும் 130 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. விதி 15 வயதுக்கு உட்பட்டவர்களின் நகைகளைப் பற்றியது. என்றாலும், அம்மாவின் நகைப்பெட்டிக்குள் குழந்தையின் கை போகாத வீடு இல்லை. காரீயம் இல்லாத கலவையை மட்டுமே வாங்குவது, விற்பவரிடம் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுச் சான்று கேட்பது, காரீயம் ஒருமுறை உருகிய சட்டியை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்குவது ஆகிய மூன்றும் பட்டறையின் அடிப்படை ஒழுங்குகள்.

ரப்பர் வட்டுகள் வேகாத நிலையில் விற்கப்படுகின்றன. 23, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை நகைப் பட்டறைகளில் மிகுதி. கறுப்பு நிறக் கரிம ரப்பர் மலிவானது, உறுதியானது. வெள்ளீய, காரீயக் கலவைகளுக்குப் போதும். சிலிகோன் விலை கூடியது. அதிக வெப்பம் தாங்குவதால், 400 பாகையை எட்டும் துத்தநாகக் கலவைகளுக்கும் நீண்ட தொடர் வார்ப்புக்கும் அதுவே ஏற்றது. வேகாத வட்டு வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். ஆகவே குளிர்ந்த, இருண்ட அலமாரி வேண்டும். உறைகுளிரில் இயற்கை ரப்பர் படிகமாகி விறைத்துப்போகும் என்பதால், குளிர்காலத்தில் லாரியில் வந்த வட்டை அறை வெப்பத்தில் ஊறவைத்த பிறகே கையாள வேண்டும்.

அடுத்தது மூல மாதிரி. அது பித்தளை, வெள்ளி, ப்யூட்டர் போன்ற உலோகத்தில் இருப்பது நல்லது. ஏனென்றால் ரப்பர் வேகும் 150 பாகை வெப்பத்தையும் பல டன் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். மெழுகு மாதிரி அங்கே உருகிப்போகும். ரப்பரும் உலோகமும் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு மூலத்தைவிடச் சிறிது குறுகியே வரும். தோட்டுக்கு அது பொருட்டில்லை; விரல் அளவு பார்க்கும் மோதிரத்துக்கு மூலத்தையே பெரிதாகச் செய்ய வேண்டும்.

உலோகச் சட்டத்துக்குள் கீழ் வட்டை வைத்து, அதன் மேல் மாதிரிகளை விளிம்போரம் வட்டமாக அடுக்குவார்கள். நடுவில் ஊற்றுவாய்க்கான கட்டை இருக்கும். ஓரங்களில் அழுத்தப்படும் குமிழ் நட்டுகள், பிறகு இரு பாதிகளையும் இம்மி பிசகாமல் பொருத்தும் பூட்டாகின்றன. பாதிகள் ஒட்டாதிருக்கப் பவுடர் தூவி, மேல் வட்டை வைத்து, வல்கனைசர் என்ற சூட்டு அழுத்தியில் ஏற்றுவார்கள். டயர்க் கடைகளில் நடக்கும் அதே வல்கனைசிங் வேதியியல்தான் இதுவும்: வெப்பத்தில் கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கிறது. சிலிகோனில் அந்தப் பிணைப்பை வேறு வேதிப்பொருள்கள் செய்கின்றன. 25 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு எடுத்தால் நடுப்பகுதி வேகாமல், முதல் வார்ப்பிலேயே கொப்பளிக்கும்.

வெந்த அச்சைத் திறந்து மாதிரிகளை எடுத்த பின் தொடங்குவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கைத்திறன். கூரிய கத்தியால், நடு ஊற்றுவாயிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்கால் குறுகலானால் உலோகம் குழி நிறையும் முன்பே உறையும். அகலமானால் நகையில் பெரிய வடு விழும், உலோகமும் வீணாகும். குழிக்குள் அடைபட்ட காற்று வெளியேற, குழியின் கடைக்கோடியிலிருந்து மயிரிழை போன்ற கீறல்கள் வேண்டும். இவை இல்லாவிட்டால் பூவிதழின் நுனி மொட்டையாகவே வரும். எந்த இடத்தில் காற்று தங்கும் என்பதை ஒரு சோதனை வார்ப்பு காட்டிக்கொடுக்கும்; பார்த்து, இன்னொரு கீறல் போட்டு, மறுபடி வார்த்துப் பார்ப்பதே வழி. வெட்டிய ரப்பரை மீண்டும் ஒட்ட முடியாது. எனவே கைதேர்ந்தவர் எப்போதும் தேவையைவிடச் சிறிதாகவே வெட்டித் தொடங்குவார்.

உலோகத்தை உருக்கும் சட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்கும் வார்ப்பிரும்புக் கலம். வெப்பத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியும், அதைச் சரிபார்க்கத் தனி வெப்பமானியும் வேண்டும். ப்யூட்டருக்கு 300 பாகையை ஒட்டிய வெப்பம் பொருந்தும். அதிகம் ஏறினால் கசடு பெருகி, வார்ப்பு நுண்துளைகளோடு வரும். இங்கே குளிர்நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பனியில் கிடந்த வண்டியிலிருந்து நேராக உள்ளே வந்த உலோகக் கட்டியின் மீது அறைக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அதை அப்படியே சட்டியில் போட்டால் நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, உருகிய உலோகத்தை முகத்தை நோக்கி வீசியடிக்கும். சட்டியின் விளிம்பில் வைத்துக் காய்ச்சிய பின்பே கட்டியை உள்ளே இறக்க வேண்டும். முகத்திரை, தோல் கையுறை, முழங்கால் வரை மறைக்கும் ஏப்ரன், சட்டிக்கு மேல் காற்றுறிஞ்சி ஆகியவற்றை எந்திரத்துக்கு முன்பே வாங்கிவிடுவது அறிவுடைமை.

சுழல் எந்திரம் அமைப்பில் எளிமையானது. மோட்டார் சுழற்றும் கிடைத்தட்டு, அதன் மேல் அச்சு, அச்சை அழுத்திப் பிடிக்கும் மேல்தட்டு, தெறிப்பைத் தடுக்கும் உறை: இவ்வளவுதான். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 300 முதல் 1000 சுற்று. நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளியுள்ள ஒரு குழி, நிமிடத்துக்கு 500 சுற்றில் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 33 மடங்கு விசையை உணரும். வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மேல்தட்டின் அழுத்தம் பெரும்பாலும் காற்றமுக்கியால் வருகிறது. அழுத்தம் குறைந்தால் இரு பாதிகளின் இடையே உலோகம் கசிந்து மெல்லிய இறகாக ஒட்டும்; கூடினால் ரப்பர் நசுங்கிக் காற்றுக் கீறல்கள் அடைபடும். அமெரிக்காவிலிருந்து மூன்று கட்ட மின்சார எந்திரத்தைத் தருவிப்பவர் மின்னழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். அங்கே தொழிற்கூடங்களில் 480 வோல்ட் வழக்கம், கனடாவில் 600 வோல்ட். இடையில் மின்மாற்றி தேவைப்படும்.

வார்ப்பு சில நிமிட வேலை. குழிகளில் பவுடர் தட்டி, அச்சை மூடி, சுழலவிட்டு, கரண்டியால் நிதானமாக, இடைவிடாமல் ஊற்றுவார்கள். உலோகம் உறைந்ததும் எந்திரத்தை நிறுத்தி அச்சைத் திறந்தால், சக்கரத்தின் ஆரங்கள்போல வாய்க்கால்களும் அவற்றின் முனைகளில் நகைகளும் ஒரே துண்டாக வரும். குளிர்ந்த அச்சில் முதல் ஓரிரு வார்ப்புகள் நிறையாமல் போவது இயல்பு. தொடர்ந்து வார்த்துச் சூடேறிய அச்சில் உலோகம் உறைய நேரமாகும். மூன்று நான்கு அச்சுகளை முறைவைத்து மாற்றினால் இரண்டும் சமனாகும். டால்க் பவுடரின் நுண்தூள் நுரையீரலில் தங்கக்கூடியது. முகமூடி இல்லாமல் தூவக் கூடாது.

நகைகளை ஒடித்தெடுத்த பின் மிஞ்சும் வாய்க்கால் துண்டுகள் சட்டிக்கே திரும்பும். வடுக்களை அரத்தால் தேய்த்து, அதிரும் தொட்டியில் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் மணிகளோடு உருட்டி மெருகேற்றுவார்கள். பிறகு முலாம்: முதலில் செம்பு, அதன் மேல் வெள்ளியோ தங்கமோ ரோடியமோ. இடையில் நிக்கல் பூசும் வழக்கமும் உண்டு. தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் அது முன்னணியில் இருப்பதால், காதில் குத்தும் தோட்டுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. முலாம் தொட்டியின் கழுநீரைச் சாக்கடையில் கொட்ட முடியாது. மொன்றியல் பெருநகரச் சமூகத்தின் 2008-47ஆம் எண் விதி, கழிவுநீரில் உள்ள உலோகங்களுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. சிறு பட்டறைகள் இதனாலேயே முலாம் வேலையை அதற்கென்று உள்ள நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன.

ஒரு கரிம ரப்பர் அச்சு, உலோகத்தின் சூட்டையும் கையாளும் விதத்தையும் பொறுத்து, நூற்றுக்கணக்கான வார்ப்புகள் தாங்கும். பிறகு குழியின் உள்விளிம்புகள் கருகி மழுங்கும். நகையின் நுணுக்கக் கோடுகள் முதலில் மங்கி, பின்பு மறையும். அப்போது வார்த்த நகை ஒன்றையே மாதிரியாக வைத்துப் புது அச்சு எடுத்தால் சுருக்கம் இரட்டிப்பாகும், மங்கலும் கூடவே வரும். புது அச்சு மூல மாதிரியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்பதால், ஒவ்வொரு வடிவத்தின் மூலத்தையும் எண்ணிட்டு, முலாமோ மெருகோ மேலும் ஏற்றாமல், தனிப்பெட்டியில் காப்பது பட்டறையின் கடைசிக் கடமை.