ஆறு தந்தி, ஒரு போலி நகம்

சத்தம் போடாமல் வாருங்கள். பியூனஸ் அயர்ஸில் ஒரு சின்ன அரங்கம். டிக்கெட் வாங்கியவர்கள் முன்வாசலில் வரிசையில் நிற்க, நாம் பின்கதவு வழியாக நுழைந்தேவிட்டோம்!

கிரீன் ரூமா இது? நாற்காலியில் கோட்டு, கோட்டின் மேல் இசைத்தாள்கள், தாள்களின் மேல் பாதி கடித்த எம்பனாடா. மாத்தே நிரம்பிய சுரைக்குடுவை ஒன்று கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. எல்லோருக்கும் ஒரே உறிஞ்சுகுழல்தான்.

மேடையேற அரை மணிதான் பாக்கி. நம் கிதார்க்காரரோ டேபிள் டென்னிஸ் பந்தைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறார்! டாக்சிக் கதவில் மோதிரவிரல் நகம் உடைந்துவிட்டதாம். கிளாசிக்கல் கிதாரில் வலக்கை நகம்தான் குரல். பந்துத் துண்டை ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதிப் பார்க்கிறார். “ஒரே செட்டா, ஐந்து செட்டா?” என்று மூலையிலிருந்து நண்பர் கேட்க, அறையே அதிர்கிறது.

நகத்தைச் சோதிக்க ‘நத்தாலியா’. வெனிசுவேலாவின் அன்டோனியோ லௌரோ (1917–1986) தன் மகள் பெயரைச் சூட்டிய வால்ஸ். ஆறே மாத்திரைதான், மும்மூன்றாகப் போவது கண்மூடித் திறப்பதற்குள் இரண்டிரண்டாகிவிடுகிறது. ஹொரோப்போ ஆட்டத்தின் குறும்பு அது. விளக்குப் போடும் பெண்ணின் கால் ஒரு கணக்கில் தட்ட, ஒலிக்காரரின் கால் வேறு கணக்கில் தட்டுகிறது. இருவரும் முறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இரண்டுமே சரிதானே!

அடுத்து சாகரேரா. அர்ஜென்டினாவின் சாண்டியாகோ டெல் எஸ்தேரோ பக்கத்து ஆட்டம். அங்கே மரத்தைக் குடைந்து, ரோமம் நீக்காத தோல் போர்த்திய பொம்போ முரசு முழங்கும். இங்கே முரசுக்கு எங்கே போவது? கட்டைவிரலின் பக்கவாட்டால் பிரிட்ஜ் ஓரம் தந்திகளை அடிக்கிறார். தும்! வியர்வையில் முழங்கை கிதாரோடு ஒட்டுகிறது. பழைய துணி ஒன்றை இடையில் செருகுகிறார். இந்தத் துணியை எந்தப் போஸ்டரிலும் பார்க்க முடியாது.

பராகுவே மேதை அகுஸ்தீன் பாரியோஸ் (1885–1944) பேச்சும் வருகிறது. மற்றவர்கள் குடல்நரம்புத் தந்தி மீட்டிய காலத்தில் இவர் உலோகத் தந்தி மாட்டி, சத்தத்தை மென்மையாக்க ரப்பர் துண்டும் செருகினார். 1930-களில் இறகுக் கிரீடத்துடன் பூர்வகுடித் தலைவராக மேடையேறினார். “எனக்குக் கோட்டுக்கே வேர்க்கிறது, இறகு வேறா!” என்கிறார் நம்மவர், பிருடையைத் திருகியபடி. மாற்றிய புதுத் தந்தி நெகிழ்ந்துகொண்டே இருக்கிறதே!

அழைப்பு மணி. திரையோரம் நாம்.

பாரியோஸின் கடைசிப் படைப்புகளில் ஒன்று தொடங்குகிறது. அடித்தந்தியில் கதவு தட்டும் ஒலி, மேலே நடுங்கும் ட்ரெமோலோ. அதில் ஒவ்வொரு சுற்றிலும் மோதிரவிரல்தான் முன்னே வர வேண்டும். நண்பர் விரல்களைக் கோத்துக்கொண்டு முணுமுணுக்கிறார். பசை தாங்குகிறது!

கைதட்டலோடு ஓடி வருகிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. “இன்னொன்று கேட்கிறார்கள், என்ன வாசிக்க?” ஆளுக்கொரு பாட்டைக் கத்துகிறோம். மாத்தேயை ஒரே உறிஞ்சில் முடித்து, யார் சொன்னதையும் கேட்காமல் மேடைக்குத் திரும்பி ஓடுகிறார்.