போசனப்பிரியமும் அல்ல, சோம்பலும் அல்ல: தைரொயிட் குறைவும் உடல் நிறையும்

2009இல் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வவுனியாவில் ஓர் இடைத்தங்கல் முகாமில் இருந்த ஒரு குடும்பத்தை நான் அடிக்கடி சந்திப்பதுண்டு. ஊரில் இருந்த காலத்தில் அந்தக் குடும்பத்தின் தாய் வயலிலும் கச்சான் தோட்டத்திலும் கணவனுக்குச் சமமாக நின்று வேலை செய்தவர். முகாமுக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள் அவருடைய முகம் ஊதிப்போயிற்று. கண்ணிமைகள் தடித்தன. குரல் கரகரத்தது. தண்ணீர் வரிசையில் நின்று ஒரு வாளி தூக்கி வந்தால் அரை நாள் படுத்துக் கிடப்பார். வைகாசி வெயிலில், தகரக் கூரையின் கீழ், போர்வையால் போர்த்துக்கொண்டு இருப்பார்.

முகாமில் கதை பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? “எல்லாரும் வத்திப்போய் இருக்கேக்க இவவுக்கு மட்டும் நிவாரண அரிசி எப்பிடி உடம்பில பிடிக்குது?” என்று பக்கத்து வரிசையில் பேசினார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்த சத்துமாவை ஒளித்துவைத்துத் தின்கிறார் என்றும் சொன்னார்கள். கணவன் வெட்கப்பட்டு முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் மட்டும் என்ன செய்தேன்? “அம்மா, சும்மா படுத்தால் உடம்பு பாரிக்கும்தானே, விடிய எழும்பிக் கொஞ்சம் நடவுங்கோ” என்று புத்தி சொன்னேன். “ஃபாதர், எனக்குச் சாப்பாடே மனம் இல்லை. ஒரு கோப்பை சோறு முடிக்க ஏலாமல் கிடக்கு” என்றார் அவர். நான் அதை நம்பவில்லை.

சில வாரங்களின் பின் முகாமுக்கு வந்த ஒரு வைத்தியர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைரொயிட் சுரப்பு மிகவும் குறைந்திருந்தது.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோம். அவற்றில் போசனப்பிரியம், சோம்பல் என்ற இரண்டையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தத் தாயின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

சுரப்பி செய்யும் வேலை

தைரொயிட் சுரப்பி கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் அமைந்திருக்கிறது. அதிலிருந்து வரும் தைரொக்சின் என்ற சுரப்பு இரத்தத்தோடு உடம்பு முழுவதும் செல்கிறது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி ஒன்று உண்டல்லவா? தைரொக்சின் அந்தப் பிடி போன்றது. அது குறைந்தால் இயந்திரம் நின்றுவிடாது. ஆனால் மெல்ல மெல்ல ஓடும். நாடி மந்தமாகும். உடம்பில் சூடு குறையும். குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். தோல் வரளும், முடி கொட்டும், மறதி உண்டாகும். பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகலாம்.

இது ஏன் வருகிறது? நோயை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி வழிதவறித் தன் சுரப்பியையே தாக்குவது இன்று முக்கிய காரணம். ஜப்பானிய வைத்தியரான ஹஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களையே இது மிக அதிகமாகப் பிடிக்கிறது. கழலைக்காகச் சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை அகற்றியவர்களுக்கும் சுரப்பு இல்லாமல் போகும். உணவில் அயடீன் போதாமை இன்னொரு காரணம். இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்க்கப்படுவதால் அது பெரிதும் குறைந்துவிட்டது. கடல் உப்பில் இயற்கையாகவே அயடீன் இருக்கிறது என்று நம்மவர் பலர் நம்புகிறார்கள். அது பிழை. கடற்கரையிலோ களப்பிலோ அள்ளிய உப்பில் அது மிகச் சொற்பம். கடையில் வாங்கும் அயடீன் கலந்த உப்பை மூடிய போத்தலில் வைத்துப் பாவியுங்கள். ஆனால் சுரப்பி ஏற்கனவே பழுதானவர் உப்பைக் கூட்டிச் சாப்பிட்டுச் சுகமடைய முடியாது. இரத்த அழுக்கம்தான் ஏறும்.

ஏறுகிற நிறை எது?

தைரொயிட் குறைந்தால் உடம்பு கொழுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை.

இந்த நோயில் தோலின் கீழும் தசைகளின் இடையிலும் பசைபோன்ற ஒரு பொருள் சேர்கிறது. மாரி மழை முடிந்த பிறகும் களிமண் தரை நீரைவிடாமல் பிடித்து வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதேபோல இந்தப் பசை நீரையும் உப்பையும் பிடித்து வைக்கிறது. ஆகவேதான் முகமும் கைகளும் ஊதுகின்றன. இருதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ளவரின் வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி விழும். பட்டினியால் வீங்கிய கால்களிலும் அப்படித்தான். வன்னியில் அந்தக் குழியைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தைரொயிட் வீக்கத்தில் பெரும்பாலும் குழி விழுவதில்லை. ஆனாலும் விரலால் அழுத்திப் பார்த்து நோயைத் தீர்மானிக்கப் போகாதீர்கள். அது வைத்தியருடைய வேலை.

உடம்பு மெல்ல ஓடுவதால் எரியும் உணவும் குறைகிறது. அதனால் கொஞ்சம் கொழுப்பும் சேரலாம். ஆனால் பசியும் கூடவே குறைந்துவிடுவதால் அது அதிகமாகச் சேர வாய்ப்பில்லை. சாப்பாட்டில் மனமில்லை, ஆனாலும் உடம்பு ஊதுகிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள்.

மொத்தத்தில் இந்த நோயால் மாத்திரம் ஏறும் நிறை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான். நீண்ட காலம் கவனியாமல் விட்டவர்களுக்கு அதிகமாகலாம். டென்மார்க் நாட்டு வைத்தியர்கள் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட சிலரை நிறுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையின் பின் சராசரியாக நான்கு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. குறைந்தது பெரும்பாலும் நீர். கொழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

ஆகவே ஒருவருக்கு 15 அல்லது 20 கிலோ ஏறியிருந்தால் அதை முழுவதும் தைரொயிட்டின் தலையில் போடுவது சரியல்ல. விடிய நாலு மணிக்குத் தண்ணீர் இறைத்து, பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்த உடம்பு, ஒரு நாளில் நிலத்தை இழந்து பாய்மேல் உட்கார்ந்துவிட்டது. கிடைத்ததோ வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு. மரக்கறியும் மீனும் எப்போதாவது ஒரு நாள். இதில் யாருக்கும் நிறை ஏறும். மனக்கவலையும் நித்திரை இன்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காணிக்குத் திரும்பாமல் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருப்போருக்கு இது இன்றும் பொருந்தும்.

வேறு சிலர் நேர்மாறாக மெலிகிறார்கள். வயது சென்றவர்களுக்குச் சுரப்புக் குறையும்போது பசி அடியோடு அற்று, நிறை இறங்குவதும் உண்டு. மெலிந்திருப்பதால் தைரொயிட் குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

870 ஆடுகள்

இந்த நோயை 1873இல் இங்கிலாந்தில் வில்லியம் கல் என்ற வைத்தியர் விவரித்தபோது அதற்கு மருந்து இருக்கவில்லை. 1891இல் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர், செம்மறி ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியால் ஏற்றினார். ஊதிய முகம் வடிந்தது, பேச்சும் நடையும் திரும்பின. பின்னர் வாயால் உட்கொள்ளும் சாறாக அது மாறியது. அந்தப் பெண் 1919 வரை, 74 வயது மட்டும் வாழ்ந்தார். அவருக்காக 870 செம்மறிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். 1914ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று அமெரிக்காவில் எட்வேட் கெண்டல் தைரொக்சினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். ஆட்டு மந்தை இல்லாமல் இன்று ஒரு சிறு குளிசையில் அதே மருந்து கிடைக்கிறது.

குளிசை தொடங்கிய பின்

அந்தத் தாய்க்குக் குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் நாலு கிலோவரை குறைந்தது. முகம் பழைய முகமாயிற்று. பிறகு தராசு அசையவில்லை. அவர் ஏமாந்து போனார். “இனிப் போட்டு என்ன பலன்?” என்று நிறுத்தவும் பார்த்தார். பலருக்கு இந்த இடத்தில்தான் கால் சறுக்குகிறது. குளிசை கொடுப்பது மெலியச் செய்வதற்காக அல்ல. இருதயமும் மூளையும் குடலும் தத்தம் வேகத்தில் ஓடுவதற்காக. நீர் வடிந்த பிறகு மிஞ்சும் நிறையைச் சாப்பாட்டாலும் வேலையாலும்தான் குறைக்க வேண்டும். உடம்பில் தெம்பு திரும்பிவிட்டதால் அதுவும் இப்போது முடியும்.

மற்றைய பிழை, மெலிவதற்காக ஒன்றுக்கு இரண்டாகப் போடுவது. இருதயம் தாறுமாறாகத் துடிக்கும். நாளடைவில் எலும்பு தேயும். கொழுப்போடு தசையும் கரையும்.

அளவு சரிதானா என்று அறிய ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். மூளையின் அடியிலுள்ள சுரப்பி தைரொயிட்டை நோக்கி “வேலை செய்” என்று இடும் கட்டளைதான் அது. வேலைக்காரன் மந்தமானால் எசமானின் சத்தம் கூடும். ஆகவே அந்த எண் கூடினால் தைரொயிட் குறைந்திருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு குளிசையை நிறுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் சென்ற பிறகே மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு முன் உண்மை நிலை தெரியாது.

குளிசையை விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் முன் அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், இடைவெளி விடுங்கள். பால்தேநீரோடு விழுங்குவது நம்மவர் வழக்கம். அதனால் மருந்து முழுமையாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு இவை இரண்டும் கொடுக்கப்படுவதால் அவர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை தாயின் தைரொக்சினிலேயே வளர்கிறது. ஆகவே கர்ப்பம் என்று தெரிந்த உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டி வரும். கர்ப்பத்தில் நிறை ஏறுகிறதே என்று குளிசையை விட்டுவிடவே கூடாது.

ஒரு நாள் மறந்தால் பயப்பட வேண்டாம். இந்த மருந்து மெதுவாகவே உடம்பை விட்டுப் போகும். ஒரு வாரத்தில் ஏறக்குறைய பாதிதான் குறையும். ஆனால் ஒரு கிளினிக் தவறி, அடுத்ததும் தவறி, இரண்டு மூன்று மாதம் போனால் நோய் முழுமையாகத் திரும்பும். இடம்பெயரும் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. கொப்பி தொலைந்துவிடும், புதிய இடத்தில் “சின்ன வெள்ளைக் குளிசை” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாது. மருந்தின் பெயரையும் 50, 100 என்ற மைக்கிரோகிறாம் அளவையும் ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்றுக்கும் அதைப் பாடமாக்கிக் கொடுங்கள். குளிசையைத் தகரத்தின் கீழ்ச் சூட்டில் வையாமல், அதன் உறையிலேயே, மண்பானை வைக்கும் குளிர்ந்த மூலையில் ஈரம் படாத உயரத்தில் வையுங்கள்.