அருளும் தன்முயற்சியும்: ஹாத்ருமேத்தும் துறவியரின் ஐயம்

கிறித்தவ ஆன்மிக வளர்ச்சியில் இறையருளுக்கும் தன்முயற்சிக்கும் உள்ள உறவு, பெலாஜியுசுக்கும் ஹிப்போ ஆயர் அகுஸ்தீனுக்கும் (354–430) இடையே எழுந்த வாதத்தில் கூர்மை பெற்றது. இறைக்கட்டளையை நிறைவேற்றும் ஆற்றல் மனித இயல்பிலேயே உண்டு என்பது பெலாஜியுசின் நிலைப்பாடு. விருப்பமே நோயுற்றிருத்தலின் நன்மையை விரும்புதற்கும் அருள் வேண்டும் என்றார் அகுஸ்தீன். 418-இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. துறவுமட வாழ்வில் அது வேறு வடிவில் தலைகாட்டியது.

அருளின் முதன்மை குறித்து அகுஸ்தீன் உரோமைக் குரு சிக்ஸ்துசுக்கு எழுதிய மடலின் படியொன்று, சில ஆண்டுகளுக்குப் பின் வட ஆப்பிரிக்காவின் ஹாத்ருமேத்தும் மடத்தை அடைந்தது. அதைப் படித்த துறவியர் சிலர், மனித விருப்புரிமைக்கு இனி இடமில்லை என முடிவு கட்டினர். மேலும் ஒருவர், கீழ்ப்படிதலும் இறைவன் தரும் கொடையாயின், அக்கொடையைப் பெறாதவனைத் தலைவர் கண்டிப்பது எங்ஙனம் முறையாகும், அவனுக்காக மன்றாடுவதன்றோ தகும் என வினவினார். இதனைச் சோம்பலின் சாக்கு என எளிதில் தள்ளிவிட இயலாது. அகுஸ்தீனின் கோட்பாட்டிலிருந்தே முளைத்த வினா இது.

ஏறத்தாழ 426–427-இல் அம்மடத்தார்க்கென அகுஸ்தீன் இரு நூல்களை வரைந்தார். கட்டளை இடப்பட்டிருப்பதே விருப்புரிமை உண்டென்பதற்குச் சான்று என்பது முதல் நூலின் வாதம். அருள் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுச் செயற்படுவதன்று. அதனைக் குணப்படுத்தி விரும்பச் செய்வது. கண்டிப்பும் அருள் பயன்கொள்ளும் கருவிகளுள் ஒன்று என்பது இரண்டாம் நூலின் விடை. கண்டிப்பால் எழும் நோவு வேண்டுதலுக்குத் தூண்டுகோலாகலாம். அகுஸ்தீன் பலகாலும் எடுத்தாளும் பிலிப்பியர் மடற்பகுதி (2:12–13) இங்கு நோக்கத்தக்கது. மீட்புக்காக உழைக்குமாறு பணிக்கும் பவுல், விருப்பத்தையும் செயலையும் உள்ளிருந்து இயக்குபவர் இறைவனே என்பதை அப்பணிப்புக்குக் காரணமாக இணைக்கிறார். இரண்டையும் பிணைப்பது 'ஏனெனில்' என்னும் பொருள்தரும் கிரேக்க இடைச்சொல், 'ஆயினும்' என்பதன்று.

மார்சேய் நகரத்துக் காசியான், தவவாழ்வின் பட்டறிவுகொண்டு வேறு வழி கண்டார். அருள் சிலபோது முந்துகிறது, சிலபோது மனித விருப்பம் முந்துகிறது என்பது அவர்தம் பதின்மூன்றாம் உரையாடலின் சாரம். வைணவ மரபின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமைகளை இவ்வாதத்திற்குப் பொருத்திக் காட்டத் தோன்றலாம். அப்பொருத்தம் ஓரளவே செல்லும். குட்டி பற்றுகிறதா, பற்றப்படுகிறதா என்பது அவ்வுவமைகளின் வினா; பற்றும் கைக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்பது அகுஸ்தீனின் வினா.

529-இல் கூடிய ஆரஞ்சு சங்கம், நம்பிக்கையின் தொடக்கமும் அருளின் செயலே என வரையறுத்துக் காசியானின் வழியை விலக்கியது. எனினும், திருமுழுக்குப் பெற்றோர் கிறித்துவின் துணையோடு உண்மையாய் உழைக்க விரும்பின், மீட்புக்கு உரியவற்றை நிறைவேற்ற அவர்களால் இயலும், நிறைவேற்றுதல் அவர்தம் கடமையுமாகும் என்று அதே சங்கம் உரைத்தது.