செத்த சரக்கு உயிர் பெற்ற கதை
(இசைத்தட்டு வியாபாரத்தில் நமக்குள்ள பாடம்)



நம் கடைகளில் மூன்று வகைச் சரக்கு உண்டு. ஓடும் சரக்கு, நிற்கும் சரக்கு, செத்த சரக்கு. ஓடும் சரக்கு அன்றாடம் கல்லாவை நிரப்பும். நிற்கும் சரக்கைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ விலை குறைத்துத் தள்ளிவிடலாம். செத்த சரக்குக்குப் பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும்தான் போக்கிடம். அப்படி எடைக்குப் போன ஒரு சரக்கு, முப்பது ஆண்டு கழித்து எழுந்து உட்கார்ந்து, முன்னைவிடப் பல மடங்கு விலை கேட்கிறது என்றால் நம்புவீர்களா? கிராமபோன் இசைத்தட்டுதான் அந்தச் சரக்கு.

ஆரணியில் பட்டுச்சேலை உற்பத்தி செய்யும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக இசைத்தட்டு சேர்த்து வருகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அண்மைக் காலமாக அவர் வீட்டுக்குப் பழைய தட்டுகளோடு புத்தம் புதிய தட்டுகளும் பார்சலில் வருகின்றன. ஒரு தட்டு சில ஆயிரம் ரூபாய். "என்னங்க, கைப்பேசியில காசில்லாம கேக்குற பாட்டுக்கு இவ்வளவு ரூபாயா?" என்று கேட்டேன். "கைத்தறிச் சேலைக்கு இவ்வளவு விலையான்னு கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்றேனோ, அதேதாங்க இதுக்கும்" என்றார். அந்தப் பதிலை வியாபாரக் கண்ணோடு ஆராய்ந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நம்மவர் கட்டிய வியாபாரம்

இந்தியாவில் முதல் ஒலிப்பதிவுகள் 1902-ல் கல்கத்தாவில் நடந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் போன்றோரின் பாட்டைப் பதிவு செய்து கொண்டுபோனார். பின்னர் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. குழாயின் முன் நாய் அமர்ந்திருக்கும் முத்திரையை எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'நாய் மார்க்' என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு வணிக முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது. அந்த அரக்கு நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் தரும் பொருள். கப்பலேறிப் போய் உலகமெங்கும் பாடிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாட்டு. கை தவறினால் அப்பளம்.

தமிழ்நாட்டில் இதை வளர்த்தவர்களில் நம் இனத்தவர், அதாவது வியாபாரிகள், முக்கியமானவர்கள். ஏவி.எம். ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் தகப்பனாரின் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். பிறகு சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். எந்தப் பாட்டை மக்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைக் கடை மேசையில் நின்று கற்றவர் பின்னாளில் படத்தொழிலில் கொடி நாட்டியதில் வியப்பில்லை.

1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. அரக்குக்குப் பதில் வினைல் என்னும் பிளாஸ்டிக். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். நாம் 'எல்.பி.' என்று சொன்னது இதைத்தான். எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எல்.பி.யாக வந்து வீடுதோறும் பொழுதை விடிய வைத்தது. திருவிளையாடல் போன்ற படங்களின் கதை வசனத் தட்டுகள் கல்யாண வீட்டு மைக்செட்டில் ஓடும்போது பந்தியில் கை நின்றுவிடும். சீர்காழியாரின் பிள்ளையார் பாட்டு இல்லாமல் எந்த மைக்செட்டும் தொடங்காது. இவையெல்லாம் என் வயதுடையவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீழ்ந்தது ஏன்?

வீழ்த்தியது கேசட். தட்டுக்கு ஆலை, அழுத்து எந்திரம், பெரிய முதல் எல்லாம் வேண்டும். கேசட்டுக்கு ஓர் அறை போதும். டெல்லியில் பழச்சாறுக் கடைக் குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார் 1980-களில் கேசட்டின் விலையைக் குறைத்தார். இசைக்கடையை மட்டும் நம்பாமல் மளிகைக்கடை, வெற்றிலை பாக்குக் கடை வரை கொண்டுபோய் வைத்தார். நம் ஊர்களில் 'ரிக்கார்டிங் சென்டர்'கள் முளைத்தன. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் கேசட் தயார். சரக்கைவிட அது போய்ச் சேரும் இடமும் வாடிக்கையாளரின் வசதியும்தான் வியாபாரத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இது சாட்சி. 1990-களில் நம் நாட்டில் தட்டு உற்பத்தி நின்றது. பிறகு சி.டி. வந்து கேசட்டை விழுங்கியது. கைப்பேசி வந்து சி.டி.யை விழுங்கியது.

திரும்பி வந்தது எப்படி?

அமெரிக்காவில் 2020-ல் இசைத்தட்டின் விற்பனைத் தொகை சி.டி.யைத் தாண்டியது. 1986-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2022-ல் எண்ணிக்கையிலும் தாண்டியது. அந்த ஆண்டு விற்ற தட்டு சுமார் 4 கோடியே 10 லட்சம், சி.டி. சுமார் 3 கோடியே 30 லட்சம். இதில் ஒரு வேடிக்கை. அங்கே தட்டு வாங்குவோரில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் அதைப் பாட வைக்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று 2023-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. மற்றவர்கள் அட்டைப் படத்துக்காகவும், தங்களுக்குப் பிடித்தவரின் பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவும் வாங்குகிறார்கள். பாட்டு காற்றில் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், கையில் பிடிக்கும் பொருளுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

நம் நாட்டிலும் நாய் மார்க்கின் வாரிசான சரிகம நிறுவனம் புதிய தட்டுகளை விற்கிறது. மும்பைப் பக்கத்தில் மீண்டும் தட்டு அழுத்தும் ஆலை ஒன்று வந்திருக்கிறது.

நண்பரின் அலமாரியில் உள்ள மூன்று மறுபதிப்புகளின் கதையைக் கேளுங்கள்.

முதலாவது, பம்பாய் சினிமா இசைக்குழுவில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-ல் மின்னணுக் கருவிகளில் பத்து ராகங்களை வாசித்து வெளியிட்ட தட்டு. அன்று விற்கவில்லை. ஹாலந்து நாட்டு வெளியீட்டாளர் ஒருவர் அதைக் கண்டெடுத்து 2010-ல் மறுபடி வெளியிட்டார். மேல்நாட்டு இளைஞர்கள், தங்கள் ஊரில் பின்னால் தோன்றிய நடன இசையை இந்த மனிதர் முன்னாலேயே வாசித்துவிட்டாரே என்று வியந்தார்கள். சிங் 2015-ல் காலமானார். கடைசிக் காலத்திலாவது அந்தப் பெருமையைக் கண்டு சென்றார்.

இரண்டாவது, ரூபா என்ற வங்கப் பெண்மணி கனடாவில் பாடிப் பதிவு செய்து 1982-ல் வெளியான 'டிஸ்கோ ஜாஸ்'. அதுவும் அன்று படுத்துவிட்டது. பழைய பிரதிகள் வெளிநாட்டில் பெரும் விலை போவது அந்த அம்மையாருக்கே தம் மகன் சொல்லித்தான் பல ஆண்டு கழித்துத் தெரிந்ததாம். 2019-ல் சிகாகோ நிறுவனம் ஒன்று மறுபதிப்புச் செய்தது.

மூன்றாவது நம்மவருடையது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் சில பாடல்களைத் தேடித் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டது. மொழி தெரியாதவன் காசு கொடுத்துக் கேட்கிறான். நாமோ அதே பாட்டின் மூலத் தட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம்.

வாங்குவோர் கவனத்திற்கு

இந்த வியாபாரத்திலும் நம் அரிசி, வெல்லம் போலவே தரம் பிரித்துத்தான் விலை. கீறல், வளைவு, அட்டையின் நிலை மூன்றையும் பார்க்க வேண்டும். மறுபதிப்பு என்றால் எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டும். மூல ஒலிநாடாவிலிருந்து கவனமாக எடுத்ததற்கும், சி.டி.யிலிருந்து அப்படியே ஏற்றியதற்கும் விலை ஒன்றாக இருக்கலாம், தரம் ஒன்றாக இருக்காது. தட்டு 180 கிராம் எடை என்று அட்டையில் போட்டிருப்பதால் மட்டும் பாட்டு நன்றாக ஒலித்துவிடாது. எடை வேறு, தரம் வேறு என்று தராசு பிடிக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தி. தட்டின் அச்சை முதலில் வெட்டுவதற்கு ஒருவகை லாக்கர் பூச்சு வட்டு தேவை. உலகத்தில் அதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஒருவர், ஜப்பானில் ஒருவர். 2020 பிப்ரவரியில் அமெரிக்க ஆலை தீப்பற்றி அழிந்தது. உலகத்துத் தட்டு வியாபாரமே கலங்கிற்று. ஒரே மில்லை, ஒரே மண்டியை நம்பிக் கொள்முதல் செய்வோர் இதை மனத்தில் கொள்க.

நமக்கு என்ன லாபம்?

மளிகைக்கடையில் தட்டு விற்கச் சொல்லவில்லை. பழசெல்லாம் திரும்பி வரும் என்று இருப்பைக் குவிக்கவும் சொல்லவில்லை. எண்ணிப் பாருங்கள். சாமையும் தினையும் ஒரு காலத்தில் ஏழை உணவு என்று நம் கடைகளிலிருந்து நீங்கின. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று சர்க்கரை நோய்க்காரர் தேடி வந்து கேட்கிறார். நம் பக்கத்து ஜவ்வாது மலையில் விளையும் சாமையை நாம் முன்வரிசையில் வைத்திருக்கிறோமா? செக்கு எண்ணெயும் கருப்பட்டியும் அப்படியே திரும்பின.

ஆரணித் தறியும் இதே சோதனையில்தான் நிற்கிறது. கரை வைத்த பட்டுச்சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் மட்டும் நெசவாளிக்குச் சோறு போடாது. தட்டு வாங்குபவன் அதன் பின்னணியை, பாடியவரை, பதிந்த ஆண்டை அறிந்து வாங்குகிறான். அட்டையில் அத்தனையும் அச்சாகியிருக்கிறது. நம் சேலைப் பெட்டியில் நெய்தவர் பெயர் உண்டா? எத்தனை நாள் நெய்தது என்று உண்டா? விற்பவனுக்குத் தெரியாத பெருமையை வாங்குபவன் எப்படி அறிவான்? விலையைக் குறைத்து விசைத்தறியோடு போட்டி போட முடியாது. விவரம் சொல்லி விற்றால் விலை நிற்கும்.

பரணைப் பாருங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாடக மேடையின் சக்கரவர்த்தி எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். இன்று நாம் அவர் குரலைக் கேட்கிறோம் என்றால், யாரோ சிலர் அரக்குத் தட்டை உடையாமல் காப்பாற்றி வைத்ததுதான் காரணம். 1985 மே 30-ல் சென்னை மூர்மார்க்கெட் எரிந்தபோது பழைய தட்டுக் கடைகளும் போயின. போனது போகட்டும். நம் கடைவீதிப் பரண்களிலும், மைக்செட் வைத்திருந்தவர் வீடுகளிலும் இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். உள்ளூர் நாதஸ்வரக்காரர், மறந்துபோன நாடகக்காரர் யாருடைய கடைசிப் பிரதி அதில் இருக்கிறதோ!

கடையைச் சீரமைக்கும்போது எடைக்குப் போடுமுன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வினைல் வளைந்துவிடும். 78 சுற்று அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி. ஊசியால் அதைப் பாட வைக்கவும் கூடாது, அதற்குத் தடித்த ஊசி தனி.

நல்ல விலை கிடைத்தால் விற்றுவிடுங்கள், தவறில்லை. நாம் வியாபாரிகள். மதிப்புத் தெரியாமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.