கரிச்சானா, குயிலா? காட்டுக்குள்ள ஒரு வேஷக்காரப் பறவை

இன்னைக்கு எபிசோட்ல, கண்ணுல பட்டாலும் பலர் கவனிக்காம கடந்து போற ஒரு பறவை. வால்பாறை, டாப்ஸ்லிப் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல இது இருக்கு. பளபளக்கும் கறுப்பு உடம்பு, நுனியில பிளந்த வால். "அட, கரிச்சான்!"னு சொல்லிட்டு நடையைக் கட்டிடுவாங்க. ஆனா இது குயில் குடும்பம். பேரு கரிச்சான் குயில்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல வாலுக்கு அடியில பாருங்க. பறவை மேல கிளையில, நீங்க கீழ. அதனால இதுதான் வசதி. வால் தொடங்குற இடத்துல மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிஞ்சா குயிலா இருக்கலாம். அவசரப்படாதீங்க. கரிச்சான் குஞ்சுக்கும் அடிப்பக்கம் வெள்ளைத் திட்டுகள் இருக்கும்.

அதனால அடுத்து அலகு. கரிச்சானோட அலகு தடிமன், அடியில மீசை மாதிரி முடி இருக்கும். குயிலோட அலகு மெலிசு, கீழ்நோக்கி லேசா வளைஞ்சிருக்கும்.

மூணாவது, நடத்தை. கரிச்சான் திறந்த கிளையில உட்கார்ந்து, பறக்குற பூச்சியைப் பாய்ஞ்சு பிடிக்கும். குயில் இலைகளுக்கு நடுவுல அமைதியா கம்பளிப்புழு தேடும்.

கடைசியா குரல். ஏணிப்படி ஏறுற மாதிரி, ஒண்ணைவிட ஒண்ணு உயர்ற அஞ்சாறு விசில். நிறுத்திட்டு மறுபடியும் முதல்ல இருந்து. பெரும்பாலும் குரலை வெச்சுதான் இது இருக்கிறதே தெரியவரும். ஆனா அதே காட்டுல இருக்குற துடுப்பு வால் கரிச்சான், மத்த பறவைகள் மாதிரி கூப்பிடுறதுல கில்லாடி. மெர்லின் ஆப் பேரைக் காட்டினாலும், முடிஞ்சவரை கண்ணாலயும் உறுதி பண்ணுங்க.

எதுக்கு இந்த வேஷம்? கரிச்சான் சண்டைக்காரப் பறவை, பருந்தையே துரத்தும். அதோட சாயல்ல இருந்தா மத்த பறவைகள் வம்புக்கு வராதுங்கிறது ஒரு விளக்கம். ஆனா முட்டையிடுறது கரிச்சான் கூட்டுல இல்ல, சிலம்பன் வகைச் சின்னப் பறவைகளோட கூட்டுல.

ஒரு வேண்டுகோள். ஃபோட்டோவுக்காக ஸ்பீக்கர்ல அதோட குரலைப் போட்டுக் கூப்பிடாதீங்க. கூப்பிடுற பருவம்தான் அது இனம் பெருக்குற பருவம். போட்டிக்கு இன்னொரு பறவை வந்துடுச்சுன்னு நெனச்சு இரையை விட்டுட்டு அலையும். அடையாளம் உறுதியாகலையா? ஈபேர்ட்ல பதிவு பண்ணாம விட்டுடுங்க. தப்பான ஒரு பதிவு, அந்தப் பறவை இல்லாத காட்டுல இருக்குன்னு சொல்லிடும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.