சர்க்கரை மாத்திரையும் இதயமும்

சர்க்கரை வியாதிக்காரர்கள் பலருக்கு எமனாக வருவது மாரடைப்புதான். ஆகவே சர்க்கரை குறைந்தால் இதயமும் தப்பிக்கும் என்று வெகுகாலம் டாக்டர்களே நம்பினார்கள். நண்பர்களே, அந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட கதை இது.

1999-ல் அமெரிக்காவில் ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சர்க்கரையை நன்றாகவே குறைத்தது. நம் நாட்டிலும் விற்றது. 2007-ல் ஸ்டீவன் நிசன் என்ற இதய டாக்டர் 42 ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுதல் என்று வந்தது! 2010 அக்டோபரில் இந்தியா தடை போட்டது. மறுபரிசீலனைக்குப் பிறகு 2013-ல் அமெரிக்கா தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மாரடைப்பில் வாதம் இருக்கலாம். இதயம் தளர்ந்து போவதில் வாதமே இல்லை. இதன் தம்பியான பியோகிளிட்டசோனுக்கும் அந்தக் குணம் உண்டு. அதை 2013 ஜூனில், மூத்திரப்பைப் புற்றுநோய் பயத்தால் இந்தியாவில் நிறுத்தினார்கள். ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். இந்த வகை மாத்திரை உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே பிடித்து வைக்கிறது. லைனில் தண்ணீர் கூடுகிறது, பம்பு மட்டும் அதே பழைய பம்பு. கோயமுத்தூர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? முதலில் கால் வீங்கும். அப்புறம் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏற்கெனவே இதயம் தளர்ந்தவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

உக்கடத்தில் எங்கள் வீட்டில் மருந்து அட்டையைப் படிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். அம்மாயி கால் வீங்கியபோது, "நின்னுட்டே இருந்தா வீங்கத்தான கண்ணு செய்யும்" என்றார். அட்டையைத் திருப்பினால், மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையில் பொடி எழுத்தில் பியோகிளிட்டசோன். டாக்டரிடம் காட்டினோம். மாற்றிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. நாமாக நிறுத்தியிருந்தால் சர்க்கரை எகிறியிருக்கும்.

ரோசிகிளிட்டசோன் கிளப்பிய கலவரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. புது சர்க்கரை மருந்துகள் இதயத்தைக் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும் என்று 2008-ல் அமெரிக்கா கேட்டது. அப்படிச் சோதித்ததில்தான் எம்பாகிளிஃப்ளோசின் சிக்கியது. இது நேர்எதிர், சர்க்கரையையும் உப்பையும் சிறுநீரில் வெளியே தள்ளும். இதய நோயும் இருந்த 7,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு 2015-ல் வெளியானது. இதயத்தால் வரும் சாவு 38 சதவீதம் குறைவு. கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு, காப்பாற்றுகிறது என்று விடை வந்தது! விலைதான் மாத்திரைக்கு 60 ரூபாய்போல இருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டுக் கம்பெனிகள் பத்து ரூபாய்க்கும் கீழே கொண்டு வந்துவிட்டன.