7 அடி உயரம், 2-வது தேர்வு, வெறும் 60 ஆட்டங்கள்: ஜேம்ஸ் வைஸ்மேனை வைத்து வாரியர்ஸ் ரசிகர்கள் மோதிக்கொண்டது ஏன்?

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகர்கள் தங்களுக்குள் சண்டை போடுவது சகஜம். ஆனால் கோப்பையை ஜெயித்த கையோடு ஒரு அணியின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்ட கதை இது. அதுவும் அந்தக் கோப்பைக்காக ஒரு நிமிடம்கூட விளையாடாத ஒரு இளம் வீரருக்காக.

அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் அணி, சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். வீரரின் பெயர் ஜேம்ஸ் வைஸ்மேன். "இவன் பெரிய ஆளா வருவான், கொஞ்சம் பொறுங்க" என்றது ஒரு தரப்பு. "அதுவரைக்கும் ஸ்டெஃபன் கர்ரி காத்திருப்பாரா?" என்று கேட்டது இன்னொரு தரப்பு.

அந்த விவாதம் எதைப் பற்றியது? உயரமான இளம் வீரர்களின் 'பொட்டன்ஷியல்' பற்றி கணிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வைஸ்மேன்?

2001 மார்ச் மாதம் பிறந்தவர். உயரம் 7 அடி. கூடைப்பந்தில் இப்படி உயரமான வீரர்களை 'பிக் மேன்' என்பார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் நின்று எதிரணியைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதும் இவர்களின் முக்கிய வேலை. வைஸ்மேன் ஆடியது 'சென்டர்' என்ற இடத்தில்.

பள்ளிக் காலத்திலேயே நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் அங்கே ஆடியது 3 ஆட்டங்கள் மட்டுமே. பயிற்சியாளர் பென்னி ஹார்டவே, அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பு வைஸ்மேன் குடும்பம் வீடு மாறிய செலவுக்காக 11,500 டாலர் கொடுத்திருந்தார். கல்லூரி விளையாட்டு விதிகளின்படி அது தவறு. 12 ஆட்டங்கள் தடை வந்தது. தடைக்காலம் முடிவதற்குள் வைஸ்மேன் கல்லூரி அணியை விட்டே விலகிவிட்டார்.

அதாவது, 19 வயதில் என்.பி.ஏ-வுக்கு வரும்போது அவரிடம் இருந்த கல்லூரி அனுபவம் 3 ஆட்டங்கள்.

வாரியர்ஸ் ஏன் அவரை எடுத்தது?

என்.பி.ஏ-வில் ஒவ்வொரு ஆண்டும் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு குலுக்கல் முறையில் முன்னுரிமை கிடைக்கும்.

2015 முதல் 2019 வரை தொடர்ந்து 5 முறை இறுதிச்சுற்றுக்குப் போய் 3 கோப்பை வென்ற அணி வாரியர்ஸ். ஆனால் 2019-20 சீசனில் எல்லாம் தலைகீழானது. கெவின் டியூரன்ட் வேறு அணிக்குப் போய்விட்டார். கிளே தாம்சனுக்கு முழங்கால் காயம். கர்ரிக்குக் கையில் எலும்பு முறிவு. 65 ஆட்டங்களில் 15 வெற்றிதான். லீக்கிலேயே கடைசி இடம்.

அந்தச் சரிவுதான் டிராஃப்டில் 2-வது இடத்தைக் கொடுத்தது. 2020 நவம்பர் 18 அன்று மினசோட்டா முதல் தேர்வாக ஆன்டனி எட்வர்ட்ஸை எடுத்தது. அடுத்து வாரியர்ஸ், வைஸ்மேனை எடுத்தது. 3-வதாக ஷார்லட் அணி எடுத்தது லமெலோ பாலை. அதே நாளில் கிளே தாம்சனுக்குக் காலில் காயம் ஏற்பட்ட செய்தியும் வந்தது.

வாரியர்ஸ் போட்ட கணக்கு இது: கர்ரி, தாம்சன், டிரேமண்ட் கிரீன் இருக்கும்போதே அடுத்த தலைமுறையையும் வளர்த்துவிடலாம். இதைத்தான் ரசிகர்கள் 'இரண்டு காலக்கோடு' திட்டம் என்று அழைத்தார்கள்.

ரசிகர்கள் பிரிந்தது எங்கே?

வைஸ்மேனின் முதல் சீசனில் இரண்டு தரப்புக்கும் ஆதாரம் கிடைத்தது. பிரச்னையே அதுதான்.

டிராஃப்ட் முடிந்து சுமார் 5 வாரத்தில் சீசன் தொடங்கியது. கொரோனா காரணமாக புதியவர்களுக்கான கோடைக்காலப் போட்டிகள் நடக்கவில்லை. இருந்தும் புரூக்ளின் அணிக்கு எதிரான தனது முதல் ஆட்டத்திலேயே 19 புள்ளிகள் எடுத்தார். 7 அடி ஆள் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவந்து பந்தை வளையத்தில் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. 39 ஆட்டங்களில் சராசரியாக 11.5 புள்ளிகள், 5.8 ரீபவுண்டுகள். 19 வயதுப் பையனுக்கு இது மோசமே இல்லை என்றார்கள்.

மறுதரப்பு பார்த்தது வேறு கணக்கை. 2021 ஏப்ரலில் வைஸ்மேனுக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து சீசன் முடிந்துபோனது. ஆனால் அந்த சீசனின் கடைசி 20 ஆட்டங்களில் வாரியர்ஸ் 15-ல் ஜெயித்தது. அவற்றில் முதல் ஆட்டத்தில்தான் வைஸ்மேன் காயமடைந்தார். மீதி அத்தனையும் அவர் இல்லாமல் ஆடியவை. போதாததற்கு, 3-வதாகப் போன லமெலோ பால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் வாங்கிவிட்டார்.

'விளையும் பயிர் முளையிலேயே தெரியும்' என்பது ஒரு தரப்பு. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது மறுதரப்பு. இரண்டுமே பழமொழிதான், இரண்டுமே பல முறை பலித்தவைதான்!

பிக் மேன் வளர ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

உயரமாக இருந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, முடிவெடுக்கும் வேகம். எதிரணி வீரர் பந்தோடு வரும்போது, அவரைத் துரத்துபவரின் பாதையை இன்னொருவர் தன் உடலால் மறிப்பார். இது 'ஸ்கிரீன்'. அந்த நொடியில் சென்டர் முடிவு செய்ய வேண்டும்: முன்னே போய்ப் பந்தைத் தடுப்பதா, பின்வாங்கி வளையத்தைக் காப்பதா? ஒரு அடி தப்பினால் எதிரணிக்கு 2 அல்லது 3 புள்ளிகள். ஒரு ஆட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். ரொம்ப ஆவேசமாகத் தடுக்கப் போனால் ஃபவுல். 6 ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டியதுதான். யாரையும் தடுக்காமல் வளையத்துக்குக் கீழே 3 நொடிக்கு மேல் நிற்கவும் விதி அனுமதிக்காது.

இரண்டாவது, உடல். 7 அடி உடம்பின் எடை முழுவதையும் தாங்குவது முழங்காலும் பாதமும். வளரும் வயதில் அவை பலவீனமானால், கற்றுக்கொள்ள வேண்டிய காலம் சிகிச்சையில் போய்விடும். வைஸ்மேன் 2021-22 சீசன் முழுவதையும் இப்படித்தான் இழந்தார்.

மூன்றாவது, வாரியர்ஸ் ஆடும் முறை. ஸ்டீவ் கெர் பயிற்சியில் அந்த அணி ஓடிக்கொண்டே, பந்தைக் கைமாற்றிக்கொண்டே ஆடும். கர்ரி கையில் பந்து இல்லாதபோதும் ஓடுவார். அவர் எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே புரிந்துகொண்டு சென்டர் வழி அமைத்துத் தர வேண்டும். இதைப் பலகையில் வரைந்து சொல்லித் தரலாம். ஆனால் படிவது ஆட்டத்தில் ஆடி ஆடித்தான்.

இங்கேதான் சிக்கல். ஆட்டத்தில் ஆடவிட்டால் தப்பு செய்வார், தோற்க நேரிடும். உட்காரவைத்தால் கற்றுக்கொள்ள மாட்டார்.

லூனி கொடுத்த பதில்

2022-ல் பாஸ்டனை 4-2 என்று வீழ்த்தி வாரியர்ஸ் கோப்பையை வென்றது. சென்டராக ஆடியவர் கெவான் லூனி. 2015 டிராஃப்டில் 30-வதாக வந்தவர். வைஸ்மேன் அளவுக்கு உயரமோ துள்ளலோ இல்லாதவர். ஆனால் அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் ஆடினார். மெம்பிஸுக்கு எதிரான பிளேஆஃப் சுற்றின் 6-வது ஆட்டத்தில் 22 ரீபவுண்டுகள் எடுத்தார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு உயரம் இரண்டாம் பட்சம் என்பதை ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்த சீசனில் வைஸ்மேன் திரும்பினார், லூனிக்கு மாற்று வீரராக. அவர் இருந்த மாற்று அணி ஆடும் நேரத்தில் முன்னிலை கரைந்தது. 2022 நவம்பரில் அவரை சான்டா குரூஸில் உள்ள வளர்ச்சி லீக் அணிக்கு அனுப்பினார்கள். 2023 பிப்ரவரியில் 4 அணிகள் சேர்ந்து செய்த வீரர் பரிமாற்றத்தில் வைஸ்மேன் டெட்ராய்ட்டுக்குப் போனார். 2022 கோப்பை அணியில் இருந்த கேரி பேட்டன் இரண்டாமவர் வாரியர்ஸுக்குத் திரும்பினார்.

அப்போது வைஸ்மேனுக்கு 21 வயது, கர்ரிக்கு 34 வயது. வாரியர்ஸுக்காக வைஸ்மேன் ஆடிய மொத்த ஆட்டங்கள் 39 + 21 = 60. ஒரு முழு சீசனுக்கான 82 ஆட்டங்கள்கூட வரவில்லை.

போன இடத்தில் என்ன ஆனது?

டெட்ராய்ட்டில் மீதமிருந்த சீசனில் 24 ஆட்டங்கள் ஆடி, சராசரியாக 12.7 புள்ளிகள், 8.1 ரீபவுண்டுகள் எடுத்தார். "பார்த்தீங்களா, வாய்ப்பு கொடுத்தால் ஆடுறார்" என்றது ஆதரவுத் தரப்பு. "அந்த அணி 82-ல் 65 ஆட்டம் தோற்றது, அங்கே எடுக்கும் புள்ளிக்கு என்ன மதிப்பு?" என்றது எதிர்த்தரப்பு.

அதற்கடுத்த சீசனில் டெட்ராய்ட்டின் முதல் சென்டர் ஜேலன் டூரன் என்ற இன்னொரு இளைஞர். வைஸ்மேனின் ஆட்ட நேரம் குறைந்தது. 2024-ல் இண்டியானா அணிக்குப் போனார். அங்கே சீசனின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் நரம்பு கிழிந்து வெளியேறினார்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

நிறையவே. 2003-ல் டெட்ராய்ட் 2-வது தேர்வாக செர்பியாவின் 7 அடி வீரர் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. 5-வதாகப் போன ட்வெயின் வேட் பின்னாளில் 3 கோப்பைகள் வென்றார். டெட்ராய்ட் அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனது. ஆனால் ஜெயிக்கிற அணியில் மிலிசிச்சுக்கு ஆட நேரமே கிடைக்கவில்லை. 2006-ல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். வைஸ்மேன் கதையின் பழைய பதிப்பு என்றே சொல்லலாம்.

2007-ல் போர்ட்லாண்ட், டியூரன்டை விட்டுவிட்டு சென்டர் கிரெக் ஓடனை முதலில் எடுத்தது. முழங்கால் காயங்களால் அந்த அணிக்கு அவர் ஆடியது மொத்தமே 82 ஆட்டங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2013-ல் 27-வதாக வந்த ரூடி கோபேர் முதல் சீசனில் வளர்ச்சி லீக்குக்கும் போய் வந்தவர். பிறகு சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை 4 முறை வென்றார். 2014-ல் நிகோலா யோகிச் 41-வதாகத் தேர்வானபோது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் 3 முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார்.

இன்னும் பொருத்தமான ஒப்பீடு செட் ஹோம்கிரென். 2022-ல் ஓக்லஹோமா சிட்டி எடுத்த 2-வது தேர்வு. பாதக் காயத்தால் முதல் சீசன் முழுவதையும் இழந்தார். ஆனால் அந்த அணியே இளைஞர்கள் நிறைந்தது. அவசரமில்லை. திரும்பி வந்த சீசனில் 82 ஆட்டங்களும் ஆடினார். 2025-ல் கோப்பை வென்றார்.

அப்போ, யார் சொன்னது சரி?

'வைஸ்மேன் இப்போதைக்கு அணியை ஜெயிக்கவைக்க மாட்டார்' என்றவர்கள் சொன்னது நடந்தது. 'ஆடவிடாமல் எப்படிக் கற்றுக்கொள்வார்?' என்று கேட்டவர்களின் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு தரப்பும் வீரரின் திறமையை மட்டுமே எடை போட்டுக்கொண்டிருந்தன. பொட்டன்ஷியல் என்பது பாதி வீரரிடம் இருக்கிறது. மீதி பாதி, அவரை எடுக்கும் அணிக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதில் இருக்கிறது. கர்ரியின் ஒவ்வொரு சீசனும் விலைமதிப்பில்லாதது என்பதால் வாரியர்ஸிடம் காத்திருக்க நேரமில்லை. வைஸ்மேனிடமோ 3 கல்லூரி ஆட்டங்களும் ஒரு பழுதான முழங்காலும்தான் இருந்தன. ஒருவருக்கு நேரம் தேவை, இன்னொருவரிடம் அது இல்லை.

ஆகவே அடுத்த டிராஃப்டில் உங்கள் அபிமான அணி 19 வயது, 7 அடி வீரர் ஒருவரை எடுத்தால், அவர் எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்த அணியின் நட்சத்திர வீரருக்கு என்ன வயது என்பதையும் பாருங்கள்.